ஒதீலியாவுக்கு ஒரு பழைய ராகம்

ஃபிலிமோனே என் அக்கா புருஷன். அவன் பேச்சை எடுத்தாலே எனக்கு முதலில் திட்டத்தான் வரும். முப்பது வருடப் பழக்கம். சவாலா வட்டாரத்தில் யார் செத்தாலும் அவனிடம்தான் பாட்டுக் கட்டச் சொல்லி வந்து நிற்பார்கள். அவன் பெரிய மேதை என்பதால் இல்லை. செத்தவனைப் பற்றி வாய் கூசாமல் பொய் சொல்ல எங்கள் ஊரில் அவனை விட்டால் ஆள் கிடையாது.

எங்கள் பாட்டு பாராட்டுப் பத்திரம் இல்லை. இருபது பேர் வரிசையாக உட்கார்ந்து திம்பிலா வாசிப்போம். மரக்கட்டைகளை வரிசையாகக் கட்டி, ஒவ்வொன்றுக்கும் அடியில் உலர்ந்த காயின் கூட்டைத் தேன்மெழுகால் ஒட்டிச் செய்த வாத்தியம் அது. முன்னால் ஆட்டக்காரர்கள் கேடயம் பிடித்துக் குதிப்பார்கள். நடுவில் முசேனோ என்று ஒரு பாட்டு வரும். அப்போது முன்வரிசையில் இருக்கும் தலைவன் கையைத் தாழ்த்திக் காட்டுவான். இருபது பேரும் குச்சியைக் கட்டையில் படுகிறதா இல்லையா என்கிற மாதிரி மெதுவாக வைப்போம். ஆட்டக்காரர்கள் நின்று பாடுவார்கள். அந்த நேரத்தில் எதையும் சொல்லலாம். ஊர்த் தலைவன் நிவாரண மாவைத் திருடினான் என்று அவன் முகத்துக்கு நேரே பாடலாம். அவன் நின்று கேட்டுத்தான் ஆக வேண்டும். மறுநாள் சண்டைக்கு வந்தால் ஊரே காறித் துப்பும். என் அப்பா காலத்தில் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்பார்கள், செத்தவனைப் பற்றிய பாட்டாக இருந்தாலும் சரி.

ஃபிலிமோனே வந்துதான் அதைக் கெடுத்தான். வெள்ளைக்காரன் காலத்துப் பருத்திக் கங்காணி ஒருவன் செத்தபோது, "எங்களைத் தூக்கிவிட்ட கை எங்கே போனது" என்று பாட்டுக் கட்டினான். அந்தக் கையால் பிரம்படி வாங்கிய நாலு பேர் அதற்கு வாசித்தார்கள். நானும் வாசித்தேன். வாசித்துவிட்டுப் போய் வயிறு முட்டச் சாப்பிட்டோம். துக்க வீட்டார் அவனுக்கு ஒரு பழுப்புக் கோட்டுக் கொடுத்தார்கள். எந்த வெயிலானாலும் அதைப் போட்டுக்கொண்டு, கழுத்து வேர்வை முதுகில் இறங்க, பெரிய இவனாட்டம் திரிவான்.

இந்தப் புத்தி அவனுக்கு ஜோஹன்னஸ்பர்க் தங்கச் சுரங்கத்தில் வந்தது. பதினெட்டு வயதில் போனான். ஞாயிற்றுக்கிழமைகளில் சுரங்க முகாமில் எங்கள் ஊர்க்காரர்கள் வாசிப்பார்கள், வெள்ளைக்கார மேனேஜர் நாற்காலி போட்டுக் கேட்பான். இவன் அங்கே கொடுத்த சூப்பைப் புகழ்ந்து பாட்டுக் கட்டினானாம். அந்தச் சூப்பை நானும் குடித்திருக்கிறேன். பாத்திரம் கழுவின தண்ணீரில் ஒரு எலும்பு குளித்துவிட்டுப் போயிருக்கும். அதைப் பாடினவன் எதைத்தான் பாட மாட்டான்!

ஒரு தகரப் பெட்டியோடு ஊர் திரும்பினான். அந்த வருடமே என் அக்கா ஒதீலியாவைக் கட்டிக்கொண்டான். ஊரில் வேறு ஆண்பிள்ளையே இல்லாத மாதிரி இவனைப் போய்ப் பிடித்தாள். நான் கேட்டதற்குச் சிரித்தாள்.

"கை அழகா இருக்குடா அவனுக்கு. வாய்தான் கோணல். வாயோட யாரு குடும்பம் நடத்துறா?"

ஒதீலியாவுக்கு நாக்கு அரிவாள். புருஷன் என்று பார்க்க மாட்டாள். அவன் முந்திரி மரத்தடியில் உட்கார்ந்து யாருக்காவது பாட்டுக் கட்டிக்கொண்டிருப்பான்: ஒரு கையில் குச்சி, வார்த்தையை முணுமுணுத்து முணுமுணுத்து அதற்கேற்ற கட்டையைத் தேடுவான். இவள் மரவள்ளிக் கீரையை இடித்துக்கொண்டே கத்துவாள்.

"என்ன, இன்னிக்கு எந்தத் திருடனுக்கு றெக்கை ஒட்டுற?"

"சும்மா இரு புள்ள. செத்தவங்களப் பத்தி அப்படிப் பேசாத."

"நான் செத்தா நீ என்ன பாடுவன்னு இப்பவே தெரியும். நான் சோம்பேறின்னு இந்த ஊருக்கே தெரியும், நீ என்னை உழைப்பாளின்னு பாடுவ. பொய் பாடின, எந்திரிச்சு வந்து உலக்கையால போடுவேன்."

அவன் பல்லைக் காட்டிவிட்டு மறுபடி முணுமுணுப்பான். மானங்கெட்டவன் என்று நான் நினைத்துக்கொள்வேன்.

நான் வாசிப்பது சிகுலு. எல்லாவற்றிலும் பெரியது, நாலே கட்டை, நின்றுகொண்டே அடிக்க வேண்டும். கடைசி வரிசை. என்னை யாரும் பார்க்க மாட்டார்கள், ஆனால் நான் நிறுத்தினால் முன்னால் ஆடுகிறவனுக்குக் கால் வராது. அங்கே நின்று முப்பது வருடமாக, முன்வரிசையில் தலைவனாக உட்கார்ந்திருக்கும் ஃபிலிமோனேயின் பிடரியைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பிடரியைப் பற்றி என்னைக் கேட்டால் ஒரு நாள் முழுக்கச் சொல்வேன்.

உள்நாட்டுப் போர் முடிந்து இரண்டாவது மழைக்காலம். ஷாய் ஷாய் பட்டணத்தில் குஸ்தோதியோ என்றொரு கொப்பரை வியாபாரி. போரில் ஊரே மரவள்ளித் தோலைத் தின்றபோது இவன் மட்டும் தொப்பை போட்டான். அவனுடைய அம்மா இறந்து ஒரு வருடம். ஃபிலிமோனேயிடம் பாட்டுக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தான். கிழவியை யாருக்கும் தெரியாது, ஃபிலிமோனேக்குத் தெரியுமா? ஆனாலும் கட்டினான். "பசித்தவர் வாசலுக்கு வந்தால் பானையோடு எழுந்து வந்தவளே" என்று ஆரம்பம். ராகம் நல்ல ராகம், அதைச் சொல்லத்தான் வேண்டும். மேலே இருந்து ஒரு படி இறங்கி, நின்று, இன்னொரு படி இறங்கும். என் நாலு கட்டைக்கும் அதில் வேலை இருந்தது.

எங்களை ஏற்றிப்போக லாரி வந்த காலையில் ஒதீலியாவுக்கு இரண்டு நாள் காய்ச்சல். பாயில் போர்த்திப் படுத்திருந்தாள். ஃபிலிமோனே கோட்டை மாட்டிக்கொண்டு வாசலுக்கும் பாய்க்கும் நடந்தான். "மழைக்காலக் காய்ச்சல்தானே, மூணு நாள்ல வந்துருவேன்" என்றான். வந்தது நாலாவது நாள். மண் மூடியாகிவிட்டது. பக்கத்து வீட்டுச் சலீனாவும் இன்னும் மூன்று பெண்களும் அவளைத் துணியில் கட்டித் தூக்கிக்கொண்டு கிசிக்கோ ஆஸ்பத்திரிக்கு நடந்திருக்கிறார்கள். பாதி வழியில் போய்விட்டாள். ஷாய் ஷாயில் நாங்கள் முசேனோ வாசித்துக்கொண்டிருந்த மத்தியானம்.

நானும்தான் போயிருந்தேன். சிகுலு இல்லாமல் எப்படி வாசிப்பார்கள்? ஆனால் புருஷன் அவன்தானே. அவன் "வரலை" என்றிருந்தால் யாரும் போயிருக்க மாட்டோம். எவளோ ஒரு கிழவியைப் பானையோடு எழுப்பப் போனான், கட்டினவளைக் கோட்டை விட்டான். புதைத்த மண்மேல் நின்று அதை அவனிடமே சொன்னேன்.

"உன்னை எல்லாம் மனுஷன்னு சொல்லக்கூடாது மச்சான்."

"சொல்லாத மாப்ள" என்றான். அவ்வளவுதான். அழவும் இல்லை. கல்.

ஒரு வருடம் அவன் பாட்டே கட்டவில்லை. கேட்டு வந்தவர்களைத் திருப்பி அனுப்பினான். சிலர் பாவம் என்றார்கள். பாவமாவது ஒன்றாவது! சரக்குத் தீர்ந்துபோச்சு என்றேன் நான். பிறகு ஒதீலியாவின் வருட நினைவு நாள் நெருங்கியபோது எல்லோரையும் கூப்பிட்டு, "அவளுக்குப் புதுசாக் கட்டியிருக்கேன், நாளைக்கு மரத்தடிக்கு வாங்க" என்றான்.

எனக்கு ராத்தூக்கம் போனது. என் அக்காவை எப்படிப் பாடப் போகிறான்? "வீட்டின் விளக்கே" என்பானா? ஒதீலியா விளக்கு இல்லை, பற்றி எரிகிற பந்தம். கடன் கேட்டு வந்தவனையும் சிரிக்க வைத்துத் துரத்துவாள். கள்ளுக் குடித்தால் ஊர்த் தலைவனைப் போல நடந்து காட்டுவாள். அவளைப் பற்றி ஒரு வரியாவது உண்மையாக வராவிட்டால் அவள் இரண்டாவது தடவை சாவாள் என்று எனக்குத் தோன்றியது. அவளுக்காகக் கேட்க என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?

மறுநாள் மரத்தடியில் ஃபிலிமோனே ராகத்தை வாசித்துக் காட்டினான். மேலே இருந்து ஒரு படி இறங்கி, நின்று, இன்னொரு படி இறங்கியது.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. "யோவ் மச்சான், இது குஸ்தோதியோ ஆத்தாவுக்கு வாசிச்சதுல்ல?"

எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். அவர்களுக்கும் தெரியும்.

"ஆமா" என்றான் ஃபிலிமோனே. "அதேதான்."

"ஏன், ஒதீலியாவுக்குப் புது ராகம் கிடைக்கலியா உனக்கு? ஊரான் கிழவி கட்டிக் கழட்டின துணிய எங்க அக்காவுக்குக் கட்டுறியா?"

"வாசி மாப்ள."

"வார்த்தை என்ன? அதையாவது சொல்லு."

"வார்த்தை ஆட்டக்காரங்களுக்கு. சிமாவுகிட்ட சொல்லிட்டேன். உனக்கு எதுக்கு? நீ சிகுலு."

சிமாவு ஆட்டத் தலைவன். அவனிடம் போய்ப் பிடுங்கிப் பார்த்தேன். கடற்கரைப் பக்கம் கூட்டிப்போய் ஆட்டக்காரர்களுக்குத் தனியாகப் பழக்கிக்கொண்டிருந்தான். "கேட்காத நஃப்தால், சத்தியம் வாங்கியிருக்கான்" என்றான். மறைக்கிறான் என்றால் என்ன அர்த்தம்? பழைய பானையேதான், பெயரை மட்டும் மாற்றியிருப்பான். எனக்குச் சந்தேகமே இல்லை. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

நினைவு நாளுக்கு நல்ல கூட்டம். கல்லறைக்குப் பக்கத்து மேட்டில் திம்பிலாக்களை வரிசை வைத்தோம். பெண்கள் இரண்டு பானை வேர்க்கடலைக் கீரையும் சோளக்களியும் ஆக்கி வைத்திருந்தார்கள். முதல் நாலு பகுதி ஒழுங்காக வாசித்தேன், யாரும் குறை சொல்ல முடியாது. பிறகு முசேனோ வந்தது. ஃபிலிமோனே கையைத் தாழ்த்தினான். பத்தொன்பது பேர் அடங்கினார்கள்.

நான் அடங்கவில்லை. இரண்டு ரப்பர் தலைக் குச்சியையும் தோளுக்கு மேலே ஓங்கி, என் பலம் எல்லாம் சேர்த்துச் சிகுலுவில் இறக்கினேன். நாலு கட்டை அடித்தால் எவ்வளவு சத்தம் வரும் என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. ஆட்டக்காரர்கள் வாயைத் திறப்பது தெரிகிறது, ஒரு எழுத்துக் கேட்கவில்லை. முன்னால் உட்கார்ந்திருந்த சலீனா காதுக்குப் பின்னால் கையை வைத்து எட்டிப் பார்த்தாள். பக்கத்தில் வாசித்தவன் "ஏய், ஏய், பைத்தியமா?" என்று காலால் உதைத்தான். நான் அடித்தேன். என் அக்காவைப் பற்றி ஒரு பொய் இந்த ஊர் காதில் விழக்கூடாது. ஃபிலிமோனேயின் பிடரி மட்டும் அசையவே இல்லை. கடைசி வரைக்கும் கை தாழ்த்தியபடி மெதுவாக வாசித்து முடித்தான்.

எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு சாப்பிடப் போனேன். இரண்டாவது கவளம் உருட்டும்போது சிமாவு வந்து எதிரே குந்தினான். என் கையிலிருந்த தட்டை வாங்கித் தரையில் வைத்தான்.

"சந்தோஷமா உனக்கு?"

"ரொம்ப. பானைப் பாட்டு யாருக்கு வேணும்?"

"பானையா? எந்தப் பானை? நாங்க என்ன பாடினோம்னு தெரியுமாடா உனக்கு?" அவன் குரலைத் தாழ்த்தி, பாடாமல், சும்மா பேசுகிற மாதிரி சொன்னான். "‘ஒதீலியா, நீ வழியில் உயிரை விட்டபோது நான் இந்த ராகத்தைத்தான் வாசித்துக்கொண்டிருந்தேன். எனக்குத் தெரியாத ஒருத்திக்காக வாசித்தேன். நான் ஃபிலிமோனே. கோட்டுக்கும் கறிக்கும் வாயை விற்றவன். உனக்குக் காய்ச்சல் என்று தெரிந்தே லாரி ஏறினேன்.’"



"இன்னும் இருக்கு" என்றான் சிமாவு. "‘உன் தம்பி நஃப்தால் வரமாட்டேன் என்றான். அக்காவோடு இருக்கிறேன் என்றான். நான்தான் அவன் கையைப் பிடித்து இழுத்து ஏற்றினேன். அவன்மேல் கோபப்படாதே.’ அவ்வளவுதான் பாட்டு. நல்லாத் தின்னு."

அவன் எழுந்து போய்விட்டான்.

என் கையை யாரும் பிடிக்கவில்லை. யாரும் இழுக்கவில்லை. அந்தக் காலை நான் அக்கா வீட்டுக்குச் சைக்கிளில் போனேன். எங்கள் பக்கத்தில் சைக்கிள் இருந்தது எனக்கு மட்டும்தான். பாயிலிருந்து ஒதீலியா என் முழங்காலைப் பிடித்தாள். "நீயாவது இருடா தம்பி. சாயங்காலம் குறையலன்னா என்னைச் சைக்கிள்ல வச்சுக் கிசிக்கோ கூட்டிப்போ" என்றாள். குஸ்தோதியோ எட்டு ஆடு வெட்டுகிறான், பீப்பாய் ஒயின் இறக்கியிருக்கிறான் என்று லாரிக்காரன் சொல்லியிருந்தான். "மச்சான் பார்த்துக்குவான்" என்று அவளிடம் சொன்னேன். சைக்கிளை என் வீட்டுக்குள் வைத்துப் பூட்டினேன், எவனாவது எடுத்துவிடுவான் என்று. ஃபிலிமோனே இன்னும் வாசலுக்கும் பாய்க்கும் நடந்துகொண்டிருந்தான். நான் லாரியில் முதல் ஆளாக ஏறி, டிரைவர் கூண்டுக்குப் பின்னால், காற்றடிக்கிற நல்ல இடமாகப் பார்த்து உட்கார்ந்தேன். "ஏறு மச்சான், நேரமாகுது" என்று கத்தினதும் நான்தான். சலீனா உள்பட பாதி ஊர் பார்த்தது.

ஃபிலிமோனே தன் திம்பிலாவுக்குப் பக்கத்தில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்குக் கோட்டுப் போடவில்லை என்பதே எனக்கு அப்போதுதான் கண்ணில் பட்டது.

"மச்சான்."

"சொல்லு."

"அந்தக் கடைசி வரிய எடுத்துரு."

"சத்தம் போட்டியே, அதுக்குள்ள எப்படிக் கேட்டுச்சு உனக்கு?"

"சிமாவு சொன்னான். அது பொய். உனக்கே தெரியும் அது பொய்னு. முதல்ல ஏறினது நான்."

"தெரியும். மேலே இருந்து கை கொடுத்து என்னைத் தூக்கிவிட்டதே நீதான?"

"பின்ன எதுக்குய்யா அப்படிக் கட்டின? பொய் சொல்லாம உனக்கு இருக்க முடியாதா? ஒரு பாட்டுல, ஒரே ஒரு பாட்டுல?"

அவன் விரலை நக்கித் துடைத்துக்கொண்டான். "என்னைப் பத்தி உள்ளதத்தான் சொன்னேன். உன்னைப் பத்தி அவ சொல்லுற மாதிரி சொன்னேன். உன்னை ஊர் முன்னாடி விட்டுக்கொடுப்பாளா அவ? நீ என்ன செஞ்சாலும் ‘என் தம்பி, என் தம்பி’தான். அவகிட்ட உன்னைக் காட்டிக்கொடுத்துட்டு நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அந்த மண்ணுகிட்டப் போறது?" தட்டைக் கவிழ்த்தான். "சாப்பிட்டாச்சுன்னா வா. ஜனங்களுக்குக் கேட்கலயாம். முசேனோவை மறுபடி வாசிக்கச் சொல்றாங்க."

"அந்த வரி இருந்தா வாசிக்க மாட்டேன்."

"சிகுலு இல்லாம ஆட்டக்காரனுக்குக் கால் வராது. வா."

போய் நின்றேன். வேறு என்ன செய்ய? அவன் மேல் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை. ஊரெல்லாம் புகழ்ந்தவன், கடைசியில் என்னையும் அந்தக் கங்காணி வரிசையில் உட்கார வைத்துவிட்டான். எனக்கும் ஒரு றெக்கை! இந்தப் பிச்சையை நான் இவனிடமா வாங்க வேண்டும்?

ராகம் ஒரு படி இறங்கியது. ஃபிலிமோனே கையைத் தாழ்த்தினான். இந்தத் தடவை நானும் அடங்கினேன். ஆட்டக்காரர்களின் குரல் மேட்டைத் தாண்டிக் கேட்டது. கோட்டுக்கும் கறிக்கும் வாயை விற்றவன் என்று பாடினபோது பெண்கள் பக்கம் ஒரு முனகல் வந்தது. சலீனா மேல்துணியை வாயில் அடைத்துக்கொண்டாள். லாரி ஏறினேன் என்று வந்தது. அடுத்து என் பெயர் வந்தது. "உன் தம்பி நஃப்தால் வரமாட்டேன் என்றான்" என்று முப்பது பேர் பாட, கூட்டம் மொத்தமும் திரும்பி என்னைப் பார்த்தது. ஒருத்தரும் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. சலீனா என்னைப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுத மாட்டேன்.

என் கை நின்றுவிட்டது. அடிச்சத்தம் போனதும் ஆட்டக்காரர்கள் தடுமாறினார்கள்.

"பொய்!" என்று கத்தினேன். "யாரும் என்னை இழுக்கல. இருடா தம்பின்னு அக்கா என் காலைப் பிடிச்சா. சைக்கிள் எங்கிட்டதான் இருந்துச்சு, பூட்டிட்டுப் போனேன். ஆட்டுக்கறிக்குப் போனேன். நான்தான் முதல்ல ஏறினேன்!"

சிமாவு ஒரு கணம்தான் பார்த்தான். முசேனோவில் உண்மை வந்து விழுந்தால் ஆட்டத் தலைவன் அதைக் கீழே விட மாட்டான். கேடயத்தைத் தட்டி, அதே ராகத்தில் எடுத்தான். "உன் தம்பி சைக்கிளைப் பூட்டினான், ஒதீலியா. நஃப்தால் முதலில் ஏறினான்." முப்பது பேரும் பின்பாட்டாக அதையே பிடித்துக்கொண்டார்கள். எனக்குக் கண் மறைத்தது. நான்கு கட்டையில் எது எது என்று தெரியாமல் கையால் தடவிப் பார்த்து அடித்தேன். வெட்கமும் அழுகையும் கைக்கு வந்து, சத்தம் மறுபடி ஏறத் தொடங்கியது.

முப்பது வருடத்தில் முதல் தடவையாக ஃபிலிமோனே வாசிக்கும்போது திரும்பினான். முகமெல்லாம் ஈரம்.

"மெதுவா மாப்ள" என்றான். "அவளுக்குக் கேட்கட்டும்."